கல்லூரி ரன்னிங் பேக் ஒருவரின் கணக்கைப் படிப்பது எப்படி

சனிக்கிழமை மதியம் டிவியைப் போடுகிறீர்கள். ஒரு பையன் பந்தை இடுக்கிக்கொண்டு நான்கு பேரை உதறிவிட்டு 60 யார்டு ஓடுகிறான், வர்ணனையாளர் மூச்சு விடாமல் "இந்த சீசனில் 1,500 யார்டைத் தாண்டிவிட்டார்" என்கிறார், சரி பெரிய ஆள்தான் போல என்று நீங்களும் முடிவு கட்டிவிடுகிறீர்கள். அந்த 1,500-ஐ மட்டும் வைத்து அவரைப் பற்றி உருப்படியாக ஒன்றும் சொல்ல முடியாது. கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலில் ரன்னிங் பேக்கின் மொத்த யார்டு கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். அதற்கு முன்னால் எதையெல்லாம் பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஆட்டமே புதிது என்பவர்களுக்கு மட்டும் ஒரு பத்தி. நான்கு முயற்சிக்குள், அதாவது நான்கு டவுனுக்குள், 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு டவுன் கிடைக்கும். குவாட்டர்பேக் பந்தைத் தூக்கி எறியலாம், இல்லை பக்கத்திலோ பின்னாலோ நிற்கும் ரன்னிங் பேக்கின் வயிற்றுக்குள் திணித்து ஓடவிடலாம். அப்படி வாங்கி ஓடும் ஒவ்வொரு தடவையும் ஒரு கேரி. அவருக்கு முன்னால் ஐந்து குண்டர்கள் வழி உண்டாக்கித் தருவார்கள், அதுதான் ஆஃபென்சிவ் லைன். கல்லூரியில் யாரும் தொடாமலே முட்டி தரையில் பட்டாலும் ஓட்டம் அங்கேயே முடிந்தது. தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் எதிராளி தொட்டிருக்க வேண்டும். இவ்வளவு போதும்.

முதலில் கேரியை எண்ணுங்கள்

ஒரு வீரரின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்ததும் யார்டை விட்டுவிட்டு எத்தனை கேரி, எத்தனை ஆட்டம், கேரிக்குச் சராசரி எவ்வளவு என்று பாருங்கள். என் கணக்கில் கல்லூரியில் 5 யார்டு சராசரி என்றால் பரவாயில்லை ரகம், 6-ஐத் தாண்டினால் நன்றாகவே ஓடுகிறார், 7 என்றால் ஊரே பேசும். ஆனால் 60 கேரியில் 7 எடுப்பதும் 300 கேரியில் 7 எடுப்பதும் ஒன்றில்லை, ஏனென்றால் ஒரே ஒரு 80 யார்டு ஓட்டம் சின்னக் கணக்கை எங்கேயோ தூக்கிக்கொண்டு போய்விடும். நான் செய்வது இதுதான்: ஒரு ஆட்டத்தின் மிக நீளமான ஓட்டத்தைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குச் சராசரி போடுவேன். 20 கேரியில் 140 யார்டு என்று பார்த்தால் ஜோராக இருக்கிறது. அதில் ஒன்று மட்டும் 75 என்றால் மிச்சம் 19 கேரிக்கு 65, மூன்றரைகூட இல்லை. நீள ஓட்டம் திறமை இல்லை என்று சொல்லவில்லை, அது தனித் திறமை. ஆனால் மற்ற 19 தடவையும் அவருடைய அணி இரண்டாவது டவுனில் 7, 8 யார்டு பாக்கி வைத்துக்கொண்டு விழித்திருக்கும் என்பதும் உண்மைதானே.

இதையே ஒழுங்காகச் செய்ய ஒரு கணக்கு முறை இருக்கிறது. முதல் டவுனில் தேவையானதில் பாதி, இரண்டாவது டவுனில் 70 சதவீதம், மூன்றாவது நான்காவதில் முழுசும் கிடைத்தால் அந்த ஓட்டம் வெற்றி, இல்லாவிட்டால் தோல்வி. ஒரு தாளை எடுத்து ஒரே ஒரு ஆட்டத்துக்கு இப்படிக் கோடு போட்டுப் பாருங்கள். மூன்றாவது டவுனில் 1 யார்டு வேண்டிய இடத்தில் 2 யார்டு எடுத்தவர் பெரிய வேலை செய்திருக்கிறார். இரண்டாவது டவுனில் 10 வேண்டிய இடத்தில் 5 எடுத்தவர் பார்க்க அழகாக ஓடியிருந்தாலும் கணக்கில் தோல்விதான்.

பழைய சாதனைகளோடு ஒப்பிடும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. 1988-இல் ஓக்லஹோமா ஸ்டேட்டின் பாரி சாண்டர்ஸ் 344 கேரியில் 2,628 யார்டு ஓடினார், 37 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது). அது 11 ஆட்டத்தில். 2024-இல் பாய்சி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி 374 கேரியில் 2,601 யார்டு, வெறும் 27 குறைவு, ஆனால் அவருக்கு 14 ஆட்டம் கிடைத்தது. இதைவிடப் பெரிய விஷயம், 2002-க்கு முன்னால் சீசன் கடைசியில் வரும் பௌல் ஆட்டத்தின் யார்டை கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ சீசன் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சாண்டர்ஸ் அந்த வருஷ ஹாலிடே பௌலில் வயோமிங்குக்கு எதிராக 222 யார்டும் 5 டச்டவுனும் எடுத்தார், அதைச் சேர்த்தால் 12 ஆட்டத்தில் 2,850. யோசித்துப் பாருங்கள், ஆட்டத்துக்கு 237 யார்டு. ஜென்டியின் சீசன் மகத்தானது, சந்தேகமே இல்லை, ஆனால் "27 யார்டில் சாதனை போச்சு" என்று அங்கலாய்த்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

இதே பௌல் விவகாரத்தால் கல்லூரி ஃபுட்பாலின் மேல்மட்டப் பிரிவின் மொத்த வாழ்நாள் யார்டுச் சாதனையும் ஒரு வினோதமான கோலத்தில் நிற்கிறது. விஸ்கான்சினின் ரான் டேய்ன் 1999 வரை நான்கு பௌலையும் சேர்த்து 7,125 யார்டு ஓடியவர், அதிகாரபூர்வமாக அவருக்கு எழுதப்பட்டது 6,397. சான் டியாகோ ஸ்டேட்டின் டானல் பம்ஃப்ரி 2016-இல் பௌல்களோடு சேர்த்து 6,405 எடுத்து ஏட்டில் முதலிடத்துக்கு வந்துவிட்டார். ஆகவே யாராவது "சாதனை" என்று சொன்னால் எந்த வருஷம், பௌல் சேர்த்தா சேர்க்காமலா என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

பந்தைப் பார்க்காதீர்கள்

இது கொஞ்சம் பழக வேண்டும். ஸ்நாப் ஆவதற்கு முன்னால், அதாவது நடுவில் நிற்பவர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், பந்து வைத்திருக்கும் கோட்டுக்கு அருகே தடுப்பாளர்கள் எத்தனை பேர் கூடி நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். அந்தப் பகுதிக்குப் பாக்ஸ் என்று பெயர். ஆறு பேர் நின்றால் ஓட்டத்துக்கு நல்ல நேரம், லைனில் ஐந்து பேர் இருக்கிறார்கள், குவாட்டர்பேக்கும் ஒருவரைக் குழப்பி நிறுத்திவைப்பார். எட்டுப் பேர் நின்றால் அங்கே எடுக்கும் 4 யார்டு தங்கம். ஒரு ரன்னிங் பேக் வாராவாரம் எட்டுப் பேருக்கு எதிராக ஓடி 5 சராசரி வைத்திருக்கிறார் என்றால், ஆறு பேருக்கு எதிராக 6.5 வைத்திருப்பவரைவிட நான் அவரைத்தான் எடுப்பேன்.

ஸ்நாப் ஆனதும் முதல் ஒரு நொடி கார்டுகளைப் பாருங்கள், அதாவது நடுவில் நிற்கும் சென்டருக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்கள். ஒரு கார்டு தன் இடத்தைவிட்டுப் பின்வாங்கி மறுபக்கம் ஓடி வந்து முட்டுகிறாரென்றால் அது பவர் அல்லது கவுன்ட்டர் வகை. ரன்னிங் பேக் அந்தக் கார்டின் முதுகுக்குப் பின்னால் பொறுமையாகப் போக வேண்டும், அவசரப்பட்டு முந்தினால் வழியே இருக்காது. ஐந்து பேரும் ஒரே திசையில் சாய்ந்து அடியெடுத்து வைத்தால் ஸோன் வகை. இதில் குறிப்பிட்ட ஓட்டை என்று எதுவும் கிடையாது, ரன்னிங் பேக் பக்கவாட்டில் இரண்டு மூன்று அடி வைத்து, எங்கே பிளவு விழுகிறதோ அங்கே ஒரே வெட்டில் திரும்பி மேலே போக வேண்டும். இரண்டு தடவை வெட்டினால் காரியம் கெட்டது. ஒருவர் எந்த வகையில் நன்றாக ஓடுகிறார் என்று கல்லூரியிலேயே கவனித்துவைத்தால், பிறகு எந்த என்எஃப்எல் அணிக்குப் போனால் தேறுவார், எங்கே போனால் தடுமாறுவார் என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.

அப்புறம், முதல் மோதல் எங்கே நடக்கிறது? பந்து வைத்திருந்த கோட்டைத் தாண்டி 5 யார்டு போகும் வரை யாருமே கைவைக்கவில்லை என்றால் அந்த 5 யார்டு லைன்காரர்களுடையது. அதற்கு மேல் கிடைப்பதுதான் அவருடைய சொந்தச் சம்பாத்தியம். ஜென்டியின் 2024 சீசனை எல்லோரும் கொண்டாடியது இதனால்தான், அவருடைய யார்டில் பெரும்பங்கு முதல் மோதலுக்குப் பிறகு வந்தது. பந்து வருவதற்கு முன்னால் அவர் நிற்பதைப் பாருங்கள்: மற்றவர்களெல்லாம் முட்டியை மடக்கி, கையைத் தொடையில் ஊன்றிக் குனிந்து நிற்க, இவர் மட்டும் கைகளைத் தொங்கப்போட்டு பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி நிமிர்ந்து நிற்பார். அப்படியே நின்று கொண்டே எதிராளிகள் யார் எங்கே நகர்கிறார்கள் என்று பார்த்துவிடுவார். பந்து கைக்கு வந்த பிறகு கதை வேறு. குள்ளமான உருவம், இடுப்புக்குக் கீழே முழு பலம், முதலில் வருபவர் தோளில் மோதிச் சறுக்கி விழுவார்.

விஸ்கான்சின் மாதிரி லைனுக்குப் பேர்போன கல்லூரியிலிருந்து வருபவரைப் பற்றி ஒரு எச்சரிக்கை உண்டு. 2014 நவம்பர் 15 அன்று மெல்வின் கார்டன் நெப்ராஸ்காவுக்கு எதிராக 25 கேரியில் 408 யார்டு ஓடினார், அதுவும் ஆட்டத்தின் நான்கு குவார்ட்டரில் மூன்றிலேயே, நான்காவதில் அவரை உட்காரவைத்துவிட்டார்கள். மேல்மட்டப் பிரிவில் ஒரே ஆட்டத்தில் அதுவரை யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. அடுத்த வாரமே ஓக்லஹோமாவின் சமாஜே பெரைன் கான்சாஸுக்கு எதிராக 34 கேரியில் 427 எடுத்து அதையும் முறியடித்தார். என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் கார்டனை சார்ஜர்ஸ் 15-ஆவதாக எடுத்தது, முதல் சீசனில் அவர் ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை. உடனே "பார்த்தீர்களா, எல்லாம் லைன்தான்" என்று பேச ஆரம்பித்தார்கள். ஆனால் அதே விஸ்கான்சினிலிருந்து மூன்றே வருஷத்தில் 6,174 யார்டு ஓடிவிட்டு வந்த ஜொனாதன் டெய்லர் 2021-இல் 1,811 யார்டோடு என்எஃப்எல்லிலேயே முதலிடம் பிடித்தார். நல்ல லைன் ஒருவரைக் கெட்டவர் ஆக்காது. அவர் எப்படிப்பட்டவர் என்பதை மறைக்கும், அவ்வளவுதான், அதனால் நாம்தான் கொஞ்சம் கூடுதலாக உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போகிற போக்கில் இரண்டு சின்ன விஷயம். பந்தை எந்த அகலத்துக்குள் வைக்கலாம் என்று காட்டும் ஹாஷ் கோடுகள் கல்லூரி மைதானத்தில் 40 அடி இடைவெளியில் இருக்கும், என்எஃப்எல்லில் பதினெட்டரை அடிதான். அதனால் கல்லூரியில் பந்து ஒரு ஓரமாக வைக்கப்படும்போது மறுபக்கம் பெரிய வெளி கிடக்கும், அங்கே வேகத்தை மட்டும் நம்பி ஓடித் தப்பிக்கலாம். அந்த வெளி மேலே போனால் கிடைக்காது. இரண்டாவது, கல்லூரியில் குவாட்டர்பேக் பின்னால் பிடிபட்டு இழக்கும் யார்டையும் அணியின் ஓட்டக் கணக்கில்தான் கழிப்பார்கள், என்எஃப்எல்லில் அப்படி இல்லை. அணியின் ஓட்டச் சராசரியை வைத்து லைனைத் திட்டுவதற்கு முன்னால் இது நினைவிருக்கட்டும்.

பந்து கையில் இல்லாதபோது

மூன்றாவது டவுன், 8 யார்டு வேண்டும். எல்லோருக்கும் தெரியும், எறியத்தான் போகிறார்கள். இப்போது மைதானத்தில் நிற்கும் ரன்னிங் பேக் யார்? நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த நட்சத்திரம் வெளியே போய் தண்ணீர் குடிக்கிறாரென்றால் அது பயிற்சியாளர் சொல்லாமல் சொல்லும் செய்தி. அந்த இடத்தில் வேலை இரண்டு: குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வரும் லைன்பேக்கரை மறித்து நிற்பது, இல்லை நழுவிப் போய்ப் பந்தைப் பிடிப்பது. மறிப்பது அழகான வேலை இல்லை. 105 கிலோ ஆள் பத்து யார்டு ஓட்டத்தோடு வந்து நெஞ்சில் இடிப்பார், இவர் ஒரு அடி முன்னே வைத்து இடுப்பைத் தாழ்த்தி இரண்டு கையாலும் ஏந்த வேண்டும், அதற்கு முன்னால் பாய்வது யார் என்று சரியாகக் கண்டுபிடித்திருக்கவும் வேண்டும். இதற்குப் புள்ளிவிவரப் பக்கத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

மேலே சொன்ன பெரைனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆட்டத்தில் 427 எடுத்தவரை என்எஃப்எல் 2017-இல் நான்காவது சுற்றில்தான் எடுத்தது, பெரிய ஓட்டக்காரராக அவர் அங்கே ஆகவில்லை. ஆனால் வாஷிங்டன், சின்சினாட்டி, டென்வர் என்று வருஷக்கணக்காக வேலை கிடைத்துக்கொண்டே இருந்தது, காரணம் பாய்ந்து வருபவரை நம்பி அவரிடம் விடலாம், பந்தையும் பிடிப்பார். 427 அவருக்குப் பேரைத்தான் கொடுத்தது. சோறு போட்டது இந்த இரண்டாவது வேலை.

பிடிப்பதற்கு உதாரணம் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி. ஸ்டான்ஃபோர்டில் 2015 சீசனில் ஓடியது 2,019, பாஸ் பிடித்தது 645, மிச்சம் உதைக்கப்பட்ட பந்தைத் திருப்பிக் கொண்டுவந்தது, எல்லாம் சேர்த்து 3,864 யார்டு. சாண்டர்ஸின் 3,250 என்ற பழைய சாதனை போயே போய்விட்டது. கல்லூரியின் சிறந்த வீரருக்கான அந்த வருஷ ஹெய்ஸ்மன் கோப்பை அவருக்குக் கிடைக்கவில்லை, அலபாமாவின் டெரிக் ஹென்றிக்குப் போனது. என்னைக் கேட்டால் மெக்காஃப்ரிக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். ஹென்றியின் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், பரவாயில்லை.

யாருக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார்

ஒருவருடைய முதல் இரண்டு வருஷம் ஒல்லியாக இருந்தால் உடனே மட்டம் தட்டிவிடாதீர்கள், முன்னால் யார் இருந்தார் என்று பாருங்கள். சாண்டர்ஸ் 1986, 87 இரண்டு வருஷமும் உட்கார்ந்திருந்தது தர்மன் தாமஸுக்குப் பின்னால். பிறகு என்எஃப்எல் புகழ்மாடத்துக்கே போன ஆள் அவர். சாண்டர்ஸ் அந்தக் காலத்தில் உதைத்த பந்தைத் திருப்பிக் கொண்டுவரும் வேலை பார்த்தார், மீந்த நேரத்தில் ஓடினார். தாமஸ் கிளம்பினார், இவர் 2,628 எடுத்தார்.

இன்று அந்தச் சாண்டர்ஸ் இரண்டு வருஷம் காத்திருப்பாரா என்பது சந்தேகம். 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பேரைப் பதியும் பட்டியல், வந்தது. 2021-இல் ஒரு தடவை மாறினால் ஒரு வருஷம் சும்மா உட்கார வேண்டியதில்லை என்றார்கள். 2024-இல் எத்தனை தடவை வேண்டுமானாலும் என்றாகிவிட்டது. எனவே ஒரு ரன்னிங் பேக்கின் பக்கத்தில் இரண்டு கல்லூரி இருப்பது இப்போது சாதாரணம், அதைக் குறையாக எடுக்கக் கூடாது. கென்னத் வாக்கர் வேக் ஃபாரெஸ்டிலிருந்து மிச்சிகன் ஸ்டேட்டுக்கு மாறிய 2021-இல் 1,636 யார்டு ஓடி நாட்டின் சிறந்த ரன்னிங் பேக்குக்கான டோக் வாக்கர் விருதை வாங்கினார். குவின்ஷான் ஜட்கின்ஸ் ஓல் மிஸ்ஸில் தனிக்காட்டு ராஜாவாக இருந்தவர், 2024-இல் ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போய் டிரேவியன் ஹென்டர்சனோடு பாதிப் பாதி பங்கு போட்டுக்கொண்டார். யார்டு குறைந்தது, தேசிய சாம்பியன்ஷிப் கிடைத்தது, உடம்பில் அடியும் குறைந்தது, டிராஃப்டில் 36-ஆவது, ஹென்டர்சன் 38-ஆவது. பங்குபோட்டதால் இரண்டு பேருக்கும் நஷ்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ரெட்ஷர்ட் என்றொன்று உண்டு. ஐந்து வருஷத்துக்குள் நான்கு சீசன் ஆடலாம், ஒரு சீசனில் நான்கு ஆட்டத்துக்கு மேல் ஆடாவிட்டால் அந்த சீசன் கணக்கில் வராது. முதல் வருஷம் 4 ஆட்டம், 20 கேரி என்று பார்த்தால் அது தோல்வி இல்லை, திட்டம்.

பணம். 2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பேரை, முகத்தை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். அதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்றால், ஜார்ஜியாவின் டாட் கர்லி 2014-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து மூவாயிரத்துச் சொச்சம் டாலர் வாங்கியதற்கு நான்கு ஆட்டம் தடை. தடை முடிந்து ஆபர்னுக்கு எதிராகத் திரும்பி வந்த அதே ஆட்டத்தில் முட்டியில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்தது. கல்லூரியில் ஆடும்போதே பணமும் பரிசும் வாங்கிய விவகாரத்தால் ரெஜி புஷ் 2005-இல் வாங்கிய ஹெய்ஸ்மனை 2010-இல் விட்டுக்கொடுத்து, 2024-இல் மறுபடி வாங்கிக்கொண்டார். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்படிக்கைக்குப் பிறகு கல்லூரிகளே நேராகப் பணம் கொடுக்கின்றன, முதல் வருஷம் ஒரு கல்லூரிக்கு எல்லா விளையாட்டும் சேர்த்துச் சுமார் 2 கோடி டாலர் வரை. ரன்னிங் பேக்குக்கு இது மற்ற எந்த இடத்தில் ஆடுபவரையும்விட முக்கியம், ஏன் என்பது அடுத்த பகுதியில்.

உடம்பு

கேரியை முதலில் எண்ணச் சொன்னதற்கு உண்மையான காரணம் இதுதான். ஒவ்வொரு கேரியும் ஒரு மோதல், பல சமயம் மூன்று நான்கு. 300 கேரி சீசன் என்பது பதின்மூன்று சனிக்கிழமைகளில் 300 விபத்து. 2015-இல் ஹென்றி கடைசி வழக்கமான ஆட்டத்தில் ஆபர்னுக்கு எதிராக 46 கேரி, அடுத்த வாரம் எஸ்இசி என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் இறுதியாட்டத்தில் 44, எட்டு நாளில் 90. அவருடைய உடல் வேறு ரகம், 112 கிலோ, அதையும் தாங்கி 2020-இல் என்எஃப்எல்லில் 2,027 யார்டு ஓடினார். அவரை வைத்து மற்றவர்களுக்குக் கணக்குப் போடக் கூடாது.

2003 ஜனவரி 3, டெம்பி, அரிசோனா. ஃபியெஸ்டா பௌல், தேசிய சாம்பியன்ஷிப், மயாமியும் ஒஹாயோ ஸ்டேட்டும். ரன்னிங் பேக் வாழ்க்கை எந்தெந்த வழியில் திரும்பும் என்று ஒரே ஆட்டத்தில் பார்க்க வேண்டுமானால் இந்த ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். மயாமியில் 2001-இல் மூன்று பேர் இருந்தார்கள்: கிளின்டன் போர்ட்டிஸ், வில்லிஸ் மெகேஹி, ஃபிராங்க் கோர். போர்ட்டிஸ் என்எஃப்எல்லுக்குப் போனார். அடுத்து ஆட வேண்டிய கோருக்கு 2002 வசந்தப் பயிற்சியில் முட்டி போனது. அதனால் இடம் மெகேஹிக்கு வந்தது, வந்தவர் ஒரே சீசனில் 1,753 யார்டு, 28 டச்டவுன் என்று வெளுத்துவாங்கினார். இறுதியாட்டத்தின் நான்காவது குவார்ட்டரில் ஒரு சின்ன பாஸைப் பிடித்துத் திரும்பினார், தடுப்பாளர் நேராக முட்டியில் வந்து விழுந்தார், கால் பின்பக்கமாக வளைந்தது. மூன்று தசைநார் அறுந்தன. பார்க்க மனசு வராத காட்சி.

எதிர்ப்பக்கம் மொரீஸ் கிளாரெட், முதல் வருஷ மாணவர். அவருடைய குவாட்டர்பேக் எறிந்த பந்தை மயாமியின் ஷான் டெய்லர் பிடித்துக்கொண்டு ஓட, கிளாரெட் துரத்திப் போய் அவர் கையிலிருந்தே பந்தைப் பிடுங்கினார். இரண்டாவது கூடுதல் நேரத்தில் வெற்றி டச்டவுனும் அவருடையதுதான், 31-24. அன்று ராத்திரி யாரைக் கேட்டிருந்தாலும் கிளாரெட் எங்கேயோ போவார், மெகேஹி கதை முடிந்தது, கோரைப் பற்றி யாருக்குமே ஞாபகம் இல்லை என்றிருப்பார்கள்.

நடந்தது இப்படி. மெகேஹியை அந்த முட்டியோடு பஃபலோ முதல் சுற்றிலேயே 23-ஆவதாக எடுத்தது, ஒரு வருஷம் முழுக்க உட்கார்ந்தார், பிறகு 2013 வரை ஆடி 8,000 யார்டுக்கும் மேல் ஓடினார். கோருக்கு அடுத்த வருஷம் இன்னொரு முட்டியும் போனது, 2005-இல் மூன்றாவது சுற்றில் போய் 16 சீசன் ஆடி 16,000 யார்டு எடுத்தார், என்எஃப்எல் வரலாற்றில் மூன்றாவது இடம். கிளாரெட்டுக்கு 2003 சீசன் முழுக்கத் தடை. பள்ளி முடித்து மூன்று வருஷம் ஆகாமல் என்எஃப்எல்லுக்கு வரக் கூடாது என்ற விதியை எதிர்த்து வழக்குப் போட்டார், முதலில் ஜெயித்து, 2004 மே மாதம் மேல்முறையீட்டில் தோற்றார். தீர்ப்பை எழுதியவர் பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன சோனியா சோட்டோமாயோர். இரண்டு வருஷம் ஆடாமல் இருந்தவரை 2005-இல் டென்வர் மூன்றாவது சுற்றில் எடுத்தது, சீசன் தொடங்கும் முன்னே அனுப்பிவிட்டது. என்எஃப்எல்லில் ஒரு சீசன் ஆட்டம்கூட அவர் ஆடவில்லை.

காயத்தைப் படிக்கும்போது ஏசிஎல் என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்தாதீர்கள். தனி ஏசிஎல் என்றால் ஒரு வருஷத்துக்குள் திரும்பிவிடுகிறார்கள், கர்லி 2015-இல் சிறந்த புதுமுக வீரர் விருதே வாங்கினார். முட்டி முழுக்க இடம்பெயர்ந்து பல தசைநார் ஒன்றாகப் போனால் வேறு கதை. சவுத் கரோலினாவின் மார்கஸ் லாட்டிமோருக்கு 2011-இல் இடது முட்டி, 2012 அக்டோபர் 27-இல் டென்னஸிக்கு எதிராக வலது முட்டி. அன்று இரண்டு அணி வீரர்களும் மைதானத்துக்குள் வந்து அவரைச் சூழ்ந்து நின்றார்கள். சான் பிரான்சிஸ்கோ நான்காவது சுற்றில் எடுத்தது, ஒரு ஆட்டமும் ஆடாமல் 2014 நவம்பரில் ஓய்வை அறிவித்தார். முதல் வருஷம் 17 டச்டவுன் போட்டவர்.

எப்போது கிளம்புவது

பள்ளி முடித்து மூன்று வருஷம் ஆனதும் டிராஃப்டுக்குப் போகலாம். ரன்னிங் பேக் நன்றாக ஆடியிருந்தால் அன்றே கிளம்புவதுதான் சரி என்பது என் கட்சி, நான்காவது வருஷத்தில் கூடுவது பெரும்பாலும் கேரி மட்டும்தான். பணம் வந்த பிறகு இந்தக் கணக்கு கொஞ்சம் இளகியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் போக வாய்ப்பில்லாதவர் இப்போது இன்னொரு வருஷம் இருந்து சம்பாதித்துவிட்டுப் போகலாம். பௌல் ஆட்டத்தை விட்டுவிடுவதையும் தப்பாகப் பார்க்காதீர்கள். 2016-இல் லியோனார்ட் ஃபோர்னெட்டும் மெக்காஃப்ரியும் ஆட மாட்டோம் என்றபோது துரோகம் அது இது என்று எழுதினார்கள். இருவரும் 4, 8 என்ற இடங்களில் எடுக்கப்பட்டார்கள்.

டிராஃப்டுக்கு முன் இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைன் என்ற உடற்திறன் சோதனையில் 40 யார்டு ஓட்ட நேரத்தைப் பார்க்கும்போது எடையையும் சேர்த்துப் பாருங்கள். கிறிஸ் ஜான்சன் 2008-இல் 4.24 நொடி ஓடியது ஒரு அதிசயம். ஹென்றி 112 கிலோவோடு 4.54 ஓடியதும் எனக்கு அதற்குக் குறைந்ததாகத் தெரியவில்லை. 2022-லும் 2024-லும் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கைக்கூட யாரும் எடுக்கவில்லை, இடையில் 2023-இல் பிஜான் ராபின்சன் 8, ஜமீர் கிப்ஸ் 12, பிறகு 2025-இல் ஜென்டி 6. காற்று இப்படி மாறி மாறி அடிக்கும். சுற்று பின்தங்கியதை வைத்து வீரரை மட்டமாக நினைக்க வேண்டாம், ஹென்றியே 45-ஆவதுதான். முதல் ஒப்பந்தம் நான்கு வருஷம், அதற்குள் பிழிந்துவிட்டுக் கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கும் அணிகள் நிறைய. கர்லிக்கு 2018-இல் சுமார் 6 கோடி டாலர் ஒப்பந்தம் போட்ட ராம்ஸ் அணி 2020 மார்ச்சில் அவரை விடுவித்தபோது அவருக்கு வயது 25.

டிராஃப்ட் முடிந்ததும் நீங்கள் பார்க்க வேண்டியது, போன அணியின் லைன் எப்படி, அங்கே ஓடுவது ஸோன் வகையா பவர் வகையா, மூன்றாவது டவுனில் அங்கே ஏற்கெனவே யார் இருக்கிறார் என்பதுதான். பென் ஸ்டேட்டிலிருந்து 2018-இல் இரண்டாவதாக எடுக்கப்பட்ட சாக்வான் பார்க்லி 2023-இல் நியூயார்க் ஜயன்ட்ஸில் 962 யார்டு. அடுத்த வருஷம் பிலடெல்ஃபியாவின் லைனுக்குப் பின்னால் அதே ஆள், ஒரு வயது கூடி, 2,005.